குளிர்காலத்துக்கு முன் கராஜ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒன்ராறியோவில் வீட்டோடு ஒட்டிய கராஜ் உள்ள வாசகர்கள் இந்த இலையுதிர்காலத்தில் அனுப்பிய கேள்விகளில், வேலையைத் தாமே செய்ய விரும்புபவர்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இம்முறை பதிலளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீடு 1990களில் கட்டப்பட்டது. இரண்டு கார்கள் நிற்கும் கராஜில் வீட்டுப் பக்கச் சுவர் மட்டும் ட்ரைவோல் அடித்து முடிக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சுவர்களில் மரச்சட்டங்கள் வெறுமனே தெரிகின்றன. பனிக்காலத்துக்கு முன் நானே இன்சுலேஷன் போட எண்ணுகிறேன். எதிலிருந்து தொடங்குவது, எவ்வளவு போடுவது? — வாசகர், மார்க்கம்

பெரும்பாலானோர் கடைக்குப் போய் இன்சுலேஷன் பஞ்சு வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே முடிக்கப்பட்டதாகத் தோன்றும் அந்த வீட்டுப் பக்கச் சுவரிலிருந்து தொடங்குங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடாகிய காற்று மேல்மாடியை நோக்கி எழுந்து கூரைப் பக்கமாக வெளியேறுகிறது. அதன் இடத்தை நிரப்பக் கீழ்ப்பகுதியிலுள்ள இடுக்குகள் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த இடுக்கு கராஜ் பக்கத்தில் இருந்தால், உள்ளே வருவது கராஜின் காற்று: கார் புகை, பெற்றோல் கலத்தின் ஆவி, பெயின்ட் டின்களின் வாடை எல்லாம் அதனோடு சேர்ந்தே வருகின்றன. ஒன்ராறியோ கட்டட விதிகள் இந்தச் சுவரையும் கராஜின் உட்கூரையையும் புகை புகாத தடையாக அமைக்கச் சொல்வது இதற்காகத்தான். இடையிலுள்ள கதவு இறுக்கமாக மூடுவதாகவும், ஓரங்களில் காற்றடைப்புப் பட்டியுடனும், தானாக மூடிக்கொள்ளும் பொறியுடனும் இருக்க வேண்டும். அது படுக்கையறைக்குள் திறக்கவும் கூடாது. தானாக மூடும் பொறியைக் கைகள் நிறையச் சாமான்களோடு வரும்போது தொல்லையென்று பலர் கழற்றிவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படிக் கழற்றப்பட்டிருந்தால், வேறெதற்கும் முன் அதைத் திரும்பப் பூட்டுங்கள்.

கசிவிடங்களைக் கண்டுபிடிப்பது கடினமன்று. காற்று பலமாக வீசும் குளிர்நாளொன்றில், வீட்டின் உட்புறமாக நின்று, கதவின் ஓரங்களிலும் அந்தச் சுவரிலுள்ள மின்பெட்டிகளருகிலும் சுவரின் அடிப்பட்டியோரமாகவும் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள்; புகை எங்கே வளைகிறதோ அங்கே வழி இருக்கிறது. பெற்றோல் ஆவி இருக்கக்கூடிய கராஜுக்குள் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. கராஜ் பக்கமாகச் சென்று, குழாய்களும் கம்பிகளும் சுவரைத் துளைக்கும் இடங்களையும், சுவரின் அடிச்சட்டம் கொங்கிறீற்றில் அமரும் கோட்டையும் நெகிழ்ச்சி கெடாத பொலியூரித்தேன் பசையால் அடையுங்கள். ட்ரைவோல் பலகைகளின் மூட்டுகளில் தாள்பட்டியும் பூச்சும் இல்லாத இடங்கள் இருந்தால் அவற்றையும் பூசி முடியுங்கள். இந்தச் சுவரில் நீங்கள் செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. சுவரின் வீட்டுப் பக்கத்தில், ட்ரைவோலுக்குப் பின்னால், கட்டியவர்கள் ஆவித்தடைத் தாள் போட்டிருப்பார்கள். கராஜ் பக்கமும் பொலித்தீன் தாள் போட்டால், இரு தாள்களுக்கும் இடையில் அகப்படும் ஈரம் உலர வழியின்றி மரத்தை உளுக்கச் செய்யும்.

இனி வெளிச்சுவர்கள். பஞ்சைத் திணிக்கும் முன் மின்கம்பி வேலை ஏதும் வேண்டுமா என்று முடிவுசெய்யுங்கள். பின்னாளில் ஒரு சூடேற்றியோ மின்காருக்கான மின்னேற்றியோ வரக்கூடுமென்றால் கம்பியை இப்போதே இழுத்து, பரிசோதனை முடிந்த பிறகே சுவரை மூட வேண்டும். அடுத்து, சட்டங்களின் ஆழத்தை அளந்து பாருங்கள். இரண்டுக்கு நான்கு எனப்படும் மரத்தின் உண்மையான ஆழம் 3.5 அங்குலம், அதில் பாறைநார்ப் பஞ்சு போட்டால் ஏறத்தாழ ஆர் 14 கிடைக்கும் (ஆர் என்பது வெப்பத்தடையின் அளவு; எண் கூடினால் தடையும் கூடும்). இரண்டுக்கு ஆறு என்றால் ஆழம் 5.5 அங்குலம், அங்கே ஆர் 22 போடலாம். பொதிகளில் ஆர் மதிப்போடு அதன் மெட்ரிக் வடிவமான ஆர்எஸ்ஐ மதிப்பும் அச்சிடப்பட்டிருக்கும், பின்னதை 5.678 ஆல் பெருக்கினால் முன்னது வரும். கண்ணாடிநார்ப் பஞ்சு விலை குறைந்தது, குறைகூற ஒன்றுமில்லை. ஆயினும் கராஜுக்கு நான் பாறைநார்ப் பஞ்சையே பரிந்துரைப்பேன். ரொட்டி வெட்டும் பற்கத்தியால் அதை அளவாக அறுக்கலாம், சட்டங்களுக்கிடையில் சரியாமல் நிற்கும், தீக்கு அஞ்சாது, கார்கள் கொண்டுவரும் ஈரத்தையும் தாங்கும்.

பஞ்சை அமுக்கித் திணிப்பதால் வெப்பத்தடை கூடுவதில்லை. அது காப்பது தன் இழைகளுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்றினால். அமுக்கினால் அந்தக் காற்று போய்விடும். மின்கம்பி குறுக்கே ஓடும் இடத்தில் பஞ்சைப் பாதி ஆழத்துக்குக் கீறி, ஒரு பாதியைக் கம்பிக்குப் பின்னாலும் மறுபாதியை முன்னாலும் விடுங்கள். மின்பெட்டியின் பின்புறத்தில் பஞ்சு இல்லாமல் விடுவதும், சுவரின் தலைப்பகுதியில் இரண்டு அங்குலம் குறைவாக வெட்டிவிடுவதும் நான் அடிக்கடி காணும் குறைகள். அந்தச் சிறு வெற்றிடங்களில் காற்று சுழன்று, மீதிப் பஞ்சின் பயனையும் குறைக்கிறது.

கராஜை அவ்வப்போதாவது சூடாக்கப் போகிறீர்களென்றால், வெளிச்சுவர்களில் பஞ்சின் மேல், உட்புறமாக, 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிப்புள்ள பொலித்தீன் தாளை விரித்து, மூட்டுகளை ஒரு சட்டத்தின்மேல் ஆறு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி வைத்து, காயாமல் ஒட்டும் கறுப்புப் பசையால் அடைக்க வேண்டும். அதன்மேல் ட்ரைவோல். பலகையின் கீழ்விளிம்பு தரையைத் தொடக் கூடாது. உருகும் பனிநீரை அது திரிபோல் உறிஞ்சிக்கொள்ளும். முக்கால் அங்குலமாவது உயர்த்திப் பூட்டுங்கள். கீழ் ஓரடிக்குச் சீமெந்துப் பலகை போட முடிந்தால் இன்னும் நல்லது.

இத்தனையும் செய்த பிறகு என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்சுலேஷன் வெப்பத்தை உண்டாக்காது. சூடேற்றாத கராஜ், வீட்டுச் சுவர் வழியாகவும் நிலத்திலிருந்தும் காரின் எஞ்சினிலிருந்தும் கிடைக்கும் வெப்பத்தைச் சற்று நேரம் தக்கவைத்துக்கொள்ளும். கடுங்குளிர் நாட்களில் வெளியைவிடச் சில பாகைகள் மேலே நிற்கும். பெயின்ட் டின்களை அங்கே நம்பி வைக்க முடியாது.

கேள்வி: கராஜுக்கு மேலே இருக்கும் மகளின் படுக்கையறைத் தரை ஜனவரியில் கால் வைக்க முடியாதபடி சில்லிடுகிறது. ஃபேர்னஸ் ஓடிக்கொண்டே இருந்தும் பயனில்லை. தடித்த கம்பளம் போட்டால் போதுமா? — வாசகி, பிரம்டன்

கம்பளம் காலுக்கு இதமளிக்கும், அறையைச் சூடாக்காது. இந்தப் பிராந்தியத்தின் புறநகர் வீடுகளில் எனக்கு மிகுதியாக வரும் முறைப்பாடு இதுதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

அறையின் தரைப்பலகைக்கும் கராஜின் உட்கூரைக்கும் இடையே உத்தரங்கள் ஓடுகின்றன. அந்த இடைவெளிகளில் வைத்த பஞ்சு, காலப்போக்கிலோ முதலிலிருந்தே பொருத்தமின்றியோ கீழே சரிந்து உட்கூரைப் பலகையின்மேல் படுத்திருக்கும். தரைப்பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குல வெற்றிடம் தோன்றியிருக்கும். வீட்டின் வெளிவிளிம்பிலுள்ள இடுக்குகள் வழியாக நுழையும் குளிர்காற்று அந்த வெற்றிடத்தில் தடையின்றி ஓடும்போது, அதற்குக் கீழே எத்தனை அங்குலப் பஞ்சு இருந்தாலும் உங்கள் மகளின் காலுக்குப் பயனில்லை. பஞ்சு தரைப்பலகையின் அடிப்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். விளிம்பில் காற்று நுழையவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் தரை சூடாகும்.

உட்கூரையின் வெளிச்சுவரோரமாக ட்ரைவோலில் ஓரடிச் சதுரம் ஒன்றை வெட்டி எடுத்துப் பாருங்கள். அங்கே கை விட்டால் குளிர்காற்று படுமானால், உட்கூரையைத் திறக்க வேண்டியதுதான். வேறு வழியில் முழுமையாகச் சீர்செய்வது அரிது. திறந்ததும் முதலில் வெளிவிளிம்புச் சட்டத்தின் எல்லா மூட்டுகளையும் நுரையால் அடையுங்கள். பிறகு, உத்தரங்கள் கராஜைக் கடந்து வீட்டின் மற்றத் தளத்துக்குள் நீளும் இடத்தில், வீட்டுக்கும் கராஜுக்கும் பொதுவான சுவருக்கு நேர்மேலே ஒவ்வோர் இடைவெளியும் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அங்கே பஞ்சு மட்டும் சொருகப்பட்டிருக்கும். பஞ்சு காற்றைத் தடுக்காது. விறைப்பான நுரைப்பலகையை அளவாக வெட்டிச் சொருகி, நான்கு ஓரங்களையும் நுரையால் மூடுங்கள். குளிர் மட்டுமன்றிக் கராஜின் புகையும் வீட்டுக்குள் பரவும் மறைவழி அதுவே.

புதிய வீடுகளில் இத்தகைய தளத்துக்கு ஒன்ராறியோவில் எதிர்பார்க்கப்படும் அளவு ஆர் 31. தரைப்பலகையின் அடியில் இரண்டு அங்குலம் மூடிய கண்ணறையுள்ள ஸ்பிரே ஃபோம் அடித்தால் அது ஆர் 12 அளவைத் தருவதோடு காற்றையும் ஈரத்தையும் ஒருங்கே தடுக்கும், அதன்கீழ் 5.5 அங்குலப் பாறைநார்ப் பஞ்சைச் சேர்த்தால் அந்த அளவைத் தாண்டிவிடலாம். நுரையடிப்பதைப் பயிற்சிபெற்ற ஒப்பந்தக்காரரிடம் விட்டு, அவர் சொல்லும் நேரம் வரை, பொதுவாக ஒரு நாள், வீட்டில் எவரும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சு வைப்பதையும் ட்ரைவோல் பூட்டுவதையும் நீங்களே செய்யலாம். இங்கே சூடான பக்கம் மேலே இருப்பதால், உட்கூரைப் பலகைக்கு மேல் பொலித்தீன் தாள் போட வேண்டாம். மூடும்போது மூட்டுகள் அனைத்தும் பட்டியிட்டுப் பூசப்பட வேண்டும்.

அந்த இடைவெளியில் அறைக்குச் செல்லும் சூடான காற்றுக்குழாயோ தண்ணீர்க் குழாயோ ஓடினால், அவை தரைப்பலகையை ஒட்டியும், இன்சுலேஷன் முழுவதும் அவற்றுக்குக் கீழேயும் வர வேண்டும். காற்றுக்குழாயின் மூட்டுகளை உலோகத்தாள் பட்டியால் ஒட்டுங்கள். துணிப்பட்டி சில ஆண்டுகளில் காய்ந்து உதிர்ந்துவிடும். ஃபேர்னஸிலிருந்து மிகத் தொலைவிலுள்ள அறை பெரும்பாலும் இதுவாகவே இருப்பதால், மூட்டுகளில் ஒழுகும் சூடு இங்கேதான் மிகுதியாக உணரப்படுகிறது.

கேள்வி: சுவர்களுக்கெல்லாம் பஞ்சு போட்டாகிவிட்டது. ஆனாலும் கராஜ் சில்லென்றே இருக்கிறது. பெரிய கதவு மெல்லிய இரும்புத் தகடு. கடையில் விற்கும் கதவு இன்சுலேஷன் பெட்டி வாங்கலாமா, புதுக் கதவே போடுவதா? — வாசகர், ஸ்காபரோ

கணக்கைப் பாருங்கள். இரண்டு கார்களுக்கான கதவு 16 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்டது. 112 சதுர அடி. வெளியே மைனஸ் 10 பாகை செல்சியஸ், உள்ளே 5 பாகை என்று வைத்துக்கொண்டால், ஆர் 1 அளவே உள்ள வெறுந்தகட்டின் வழியாக ஏறத்தாழ 900 வாட் வெப்பம் ஓயாமல் வெளியேறும். அதே பரப்புள்ள, ஆர் 14 பஞ்சு வைத்த சுவரில், மரச்சட்டங்களை நீக்கிக் கணக்கிட்டால், இழப்பு 65 வாட்டைத் தாண்டாது. சுவரில் நீங்கள் சேமித்ததைக் கதவு செலவழித்துக்கொண்டிருக்கிறது.

ஆயினும் பெட்டி வாங்கும் முன் ஓரங்களைக் கவனியுங்கள். பகலில் கதவை மூடி, விளக்கை அணைத்து, உள்ளே நின்று பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் காற்று வரும் இடம். அடியிலுள்ள ரப்பர் பட்டி உறைகுளிரில் இறுகி வெடித்திருக்கும். அதைப் பழைய தடத்திலிருந்து உருவிவிட்டுப் புதியதைச் சொருகுவது ஒரு மணி நேர வேலை. பக்கங்களிலும் மேலேயும் வளையும் நாக்குள்ள சட்டங்களைக் கதவோடு மெல்ல அழுந்தும்படி ஆணியடியுங்கள். தரையில் ஒட்டும் ரப்பர் வரம்பும் விற்கிறார்கள். கராஜ் தரை, உருகும் நீர் கதவு வழியாக வெளியே ஓடும்படி சரிவாக வார்க்கப்பட்டிருக்கும்; அந்த வரம்பு நீரை உள்ளேயே தேக்கிவிடும். டிரைவ்வேயிலிருந்து நீர் உள்ளே வரும் வீடுகளுக்கு மட்டுமே அதை நான் சொல்வேன்.

பெட்டியிலுள்ள நுரைத்தட்டுகள் கதவின் பிரிவுகளுக்குள் அளவாக வெட்டிச் சொருகப்படுபவை. அட்டையிலுள்ள ஆர் எண் தட்டின் நடுப்பகுதிக்கு உரியது; பிரிவுகளின் மூட்டுகளிலும் இரும்பு விலாக்களிலும் தகடு வெறுமையாகவே இருப்பதால், முழுக்கதவுக்கும் அதில் பாதியளவு கிடைத்தாலே நல்ல பலன். அப்படியும் 900 வாட் இழப்பு 250 வாட் அளவுக்கு இறங்கும் என்பதால், கதவு நல்ல நிலையில் இருந்தால் பெட்டி வாங்குவது தகும். தட்டுகள் ட்ரைவோலால் மூடப்படாமல் வெளிப்பட்டு நிற்பதற்கு ஏற்றவை என்று அட்டையில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாதாரண நுரைப்பலகை தீப்பற்றினால் மிக விரைவாக எரியும். கதவே வளைந்து துருப்பிடித்திருந்தால், இரு தகடுகளுக்கிடையில் நுரை வார்த்த புதுக்கதவுக்குக் காசைச் சேமியுங்கள்.

கதவின் எடை கூடுவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மேலே உள்ள முறுக்கு ஸ்பிரிங், பழைய எடைக்குச் சமன்செய்யப்பட்டது. தட்டுகளைப் பொருத்திய பின், கதவை மூடிய நிலையில் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து விடுவித்து, கையால் பாதிவரை தூக்கிப் பாருங்கள். அங்கேயே நின்றால் சரி. கீழே இறங்கினால் ஸ்பிரிங்கை மீண்டும் இறுக்க வேண்டும்; அதைக் கதவுத் தொழிலாளரே செய்யட்டும். இறுகிய அந்த ஸ்பிரிங் நழுவினால் கையெலும்பை முறிக்கக்கூடியது. அதில் கைவைக்க வேண்டாமென்று மிக வலியுறுத்திச் சொல்கிறேன். பிறகு, கதவு இறங்கும் வழியில் ஒரு மரக்கட்டையைத் தரையில் கிடத்தி, அது பட்டதும் கதவு திரும்ப மேலே செல்கிறதா என்றும் சோதியுங்கள்.

கேள்வி: வார இறுதியில் தச்சுவேலை செய்ய ஒரு ஹீட்டர் வேண்டும். கட்டடத் தளங்களில் பாவிக்கும் புரொப்பேன் ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. — வாசகர், அஜாக்ஸ்

வேண்டாம். புகைபோக்கி இல்லாத அந்த ஹீட்டர், எரிப்பதையெல்லாம் நீங்கள் நிற்கும் இடத்திலேயே விடுகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். அது குளிர்ந்த கருவிகளிலும் சுவரிலும் படிந்து துருவையும் பூஞ்சணத்தையும் வளர்க்கும். கார்பன் மொனொக்சைட்டோ உயிரையே எடுக்கும். நன்றாகக் காற்றடைப்புச் செய்த கராஜில் இந்த ஆபத்து கூடுகிறது.

சுவரில் அல்லது உட்கூரையில் பூட்டும் 240 வோல்ட் மின்சூடேற்றி உங்களுக்குப் போதும். 5,000 வாட் கருவி 21 ஆம்பியர் இழுக்கும்; தொடர்ந்து ஓடும் சுமைக்கு உரிய கூடுதல் இடமும் சேர்த்து, 30 ஆம்பியர் பிரேக்கரும் 10 கேஜ் செப்புக் கம்பியும் தேவை. ஒன்ராறியோவில் சொந்த வீட்டில் இந்த வேலையை நீங்களே செய்ய அனுமதி உண்டு. ஆனால் மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு முன்னறிவித்துப் பரிசோதனை பெற வேண்டும். ஆளை அமர்த்தினால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராகவே இருக்க வேண்டும். தெரிந்தவர், உறவினர் என்று உரிமமில்லாதவரிடம் ஒப்படைப்பது நம் சமூகத்தில் வழக்கமாகிவிட்டது. தீ விபத்து ஒன்று நேர்ந்து காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்கும்போது அந்த உறவினரால் உதவ முடியாது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோரமாகவே படரும். ஆகவே தீப்பொறி எழக்கூடிய எந்தக் கருவியையும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேலாக வையுங்கள். வீட்டு ஃபேர்னஸின் காற்றுக்குழாயிலிருந்து கராஜுக்குக் கிளை எடுப்பது எக்காரணத்தாலும் கூடாது. ஃபேர்னஸ் நின்றிருக்கும் வேளையில் கராஜின் காற்று அதே குழாய் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

வீட்டோடு ஒட்டிய கராஜ் இருந்தாலே படுக்கையறைகளருகில் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வைப்பது இங்கே சட்டம். அது வேலை செய்கிறதா என்று இன்றே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: தெருவில் கொட்டும் உப்பு காரோடு வந்து கராஜ் தரையைப் பெயர்க்கிறது. எப்பொக்ஸி பூசலாமா? — வாசகி, மிசிசாகா

பூசலாம், இந்தப் பனிக்காலத்துக்கு முன் அன்று. தரையின் வெப்பநிலை 10 பாகைக்கு மேல் இருந்தால்தான் எப்பொக்ஸி ஒழுங்காக இறுகும்; அக்டோபர் பிற்பகுதியில் அவசரமாகப் பூசியது வசந்தத்தில் டயரோடு உரிந்து வரும். அடுத்த ஜூன் மாதத்தில், ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றின் நான்கு ஓரங்களையும் தரையில் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் ஈரம் படிந்திருந்தால் நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. அத்தகைய தரையில் எப்பொக்ஸி நிற்காது, உள்ளே ஊறி நீரை விலக்கும் சைலேன் பூச்சே பொருந்தும். உலர்ந்திருந்தால், வாடகைக்குக் கிடைக்கும் அரைப்பு இயந்திரத்தால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, வெடிப்புகளை நிரப்பிய பின் பூசுங்கள்.

இந்த ஆண்டுக்கு, விளிம்பு உயர்ந்த ரப்பர் விரிப்பு ஒன்றைக் காரின் கீழ் விரித்து, தேங்கும் உப்புநீரை வாரம் ஒருமுறை வெளியே தள்ளிவிட்டால் தரை தப்பும். சூடேற்றிய கராஜ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்: உறைநிலையில் மெதுவாக நடக்கும் துருப்பிடித்தல், உப்பு ஈரத்தோடு சூடும் சேரும்போது விரைவடைகிறது. காரின் அடிப்பாகத்தை அடிக்கடி கழுவிவிடுங்கள்.

கேள்வி: 1960களில் கட்டிய வீடு. கராஜின் உட்கூரைக்கு மேலே, பஞ்சுக்குப் பதிலாகச் சிறு கூழாங்கற்கள் போன்ற சாம்பல்–பழுப்பு நிறப் பொருள் கொட்டிக் கிடக்கிறது. அள்ளி எறிந்துவிட்டுப் புதியது போடலாமா? — வாசகர், எற்றோபிக்கோ

தொடாதீர்கள். நீங்கள் விவரிப்பது வெர்மிக்குலைட் என்னும் கனிம இன்சுலேஷனாக இருக்கக்கூடும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்னும் ஊரிலிருந்த சுரங்கத்தில், 1990ஆம் ஆண்டு அது மூடப்படும்வரை தோண்டப்பட்ட வெர்மிக்குலைட்டில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) கலந்திருந்தது. கனடாவில் சோனோலைட் என்ற பெயரில் விற்கப்பட்டு ஏராளமான வீடுகளுக்குள் போனது அதுதான். கிளறாதவரை அது கிடந்த இடத்தில் கிடக்கும். அள்ளினால், கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் எழுந்து நுரையீரலில் தங்கிவிடும். அந்த இடத்துக்குச் செல்லும் மூடியை மூடி ஓரங்களை ஒட்டுங்கள். அங்கே சாமான் வைப்பதையும் நிறுத்துங்கள். மாதிரி எடுப்பதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டு, ஆய்வுகூடத்தில் சோதிக்கச் செய்யுங்கள். கல்நார் உண்டென்று தெரிந்தால், அகற்றுவதற்கென்றே பயிற்சியும் தகுதியும் உள்ள நிறுவனத்தை அழைக்க வேண்டும். அதுவரை உட்கூரையில் துளையிடுவதோ புதிய விளக்கு பூட்டுவதோ வேண்டாம். சுவர் வேலைகளை மட்டும் தொடருங்கள்.